லெப்ரான் ஜேம்ஸ்: பள்ளி மைதானத்திலிருந்து கோப்பை வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் தெருக்கோடி மைதானத்தில் கூடைப்பந்து ஆட வரும் பையன்களும், அவர்களைக் கொண்டுவந்து விடும் அப்பாக்களும் பல வருடங்களாக என்னிடம் ஒரே சந்தேகங்களைக் கேட்டுவருகிறார்கள். பாதிப் பேர் லெப்ரானைக் கடவுளாக்குகிறார்கள், மீதிப் பேர் துரோகியாக்குகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

லெப்ரான் ஜேம்ஸ் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள், மீதியைப் பிறகு கேட்கிறேன்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் அக்ரன் நகரில் 1984 டிசம்பர் 30 அன்று பிறந்த கூடைப்பந்து வீரர். பள்ளி முடித்த கையோடு, கல்லூரிப் பக்கமே போகாமல், 2003இல் என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூட்டமைப்பில் நுழைந்தார். மயாமி அணிக்காக 2012, 2013, கிளீவ்லாந்து அணிக்காக 2016, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்காக 2020 என நான்கு முறை சாம்பியன். 2023 பிப்ரவரியில், கரீம் அப்துல் ஜப்பார் வைத்திருந்த 38,387 புள்ளிகள் என்ற சாதனையைத் தாண்டி, என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் ஆனார்.

அவர் கிளீவ்லாந்துக்காரர்தானே? எல்லோரும் அக்ரன், அக்ரன் என்கிறார்களே?

அக்ரன், கிளீவ்லாந்திலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தெற்கே இருக்கும் தனி நகரம். ஒரு காலத்தில் உலகத்தின் ரப்பர் தலைநகரம் என்று பெயர் வாங்கியது. குட்இயர், ஃபயர்ஸ்டோன் டயர்கள் அங்கிருந்துதான் வந்தன. லெப்ரான் பிறந்த காலத்தில் அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, வேலை போன குடும்பங்கள் நிறைந்த ஊராகிவிட்டது.

அவர் எங்கே பேசினாலும் தன்னை அக்ரன் பையன் என்றுதான் சொல்லிக்கொள்வார். அடம் பிடிக்கிறார் என்று முதலில் நானும் நினைத்தேன். அடுத்த சில பதில்களைப் படித்தால் அந்த ஊரின் கணக்கு புரியும்.

சின்ன வயதில் வீடு வாசல் இல்லாமல் கஷ்டப்பட்டார் என்பது உண்மையா, விளம்பரத்துக்குச் சேர்த்த கதையா?

உண்மை. அம்மா குளோரியா பதினாறு வயதில் அவரைப் பெற்றார். அப்பா வாழ்க்கையில் இல்லை. பாட்டி இறந்த பிறகு தாயும் மகனும் தெரிந்தவர்கள் வீட்டுச் சோபாக்களிலும் வாடகை வீடுகளிலுமாக மாறிமாறி வாழ்ந்தார்கள். நான்காம் வகுப்பில் மட்டும் சிறுவன் எண்பது நாட்களுக்கு மேல் பள்ளிக்குப் போகவில்லை. போக மனமில்லாமல் அல்ல. எந்தப் பேட்டையில் இருக்கிறோமோ அங்கிருந்து பள்ளிக்குப் போக வழியில்லாமல் போனதுதான் காரணம்.

அப்போது உள்ளூரில் சிறுவர்களுக்கு அமெரிக்கக் கால்பந்து சொல்லிக்கொடுத்த ஃபிராங்க் வாக்கர் என்பவர், நிலைமை சீராகும் வரை பையன் எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றார். ஒரு தாய்க்கு அதற்குச் சம்மதிப்பது எளிதாக இருந்திருக்காது. வாக்கர் வீட்டில் காலையில் நேரத்துக்கு எழ வேண்டும், வீட்டுப்பாடம் முடிக்க வேண்டும், வீட்டு வேலையில் பங்கு உண்டு. ஐந்தாம் வகுப்பில் அதே பையன் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. கையில் கூடைப்பந்தைக் கொடுத்தவரும் வாக்கர்தான். லெப்ரானின் கதையில் என்னைக் கேட்டால் முதல் வெற்றி அந்த வருகைப் பதிவேடுதான்.

பிறவியிலேயே அந்த உயரம், அந்த உடம்பு. இதில் உழைப்பு எங்கே வருகிறது?

உடம்பை மறுக்க முடியாது. பதினேழு வயதில் ஆறடி ஏழு அங்குலம், எடை நூறு கிலோவுக்கு மேல். அதோடு ஓடினால் சிறிய ஆட்டக்காரர்களையும் முந்துவார். பள்ளியில் அமெரிக்கக் கால்பந்திலும் மாநில அளவில் பெயர் வாங்கியவர்.

ஆனால் அந்த உயரத்தில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். லெப்ரானைப் பதினைந்து வயதில் பார்த்தவர்கள் வியந்தது வேறொன்றை: பந்தைக் கொடுக்கும் விதத்தை. தன்னை இரண்டு பேர் மறித்தால் மூன்றாவது ஆள் எங்கே காலியாக நிற்பான் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்து அனுப்புவார். சிறுவர் அணியில் கற்ற பழக்கம் அது. பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறவனுக்கு அங்கே மரியாதை இல்லை. கொசுறாக ஒன்று: எழுதுவதும் சாப்பிடுவதும் இடது கை, பந்து வீசுவது வலது கை.

நாலு நண்பர்கள் ஒரே பள்ளியில் சேர்ந்ததை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

முழுக்கதையின் ஆணிவேர் அதுதான் என்பதால். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ட்ரூ ஜாய்ஸ் என்ற பயிற்சியாளர் அக்ரனில் ஷூட்டிங் ஸ்டார்ஸ் என்ற சிறுவர் அணி நடத்தினார். சால்வேஷன் ஆர்மியின் சிறிய கூடத்தில், மரத்தளம்கூட இல்லாத இடத்தில் பயிற்சி. அவருடைய மகன், அதே பெயர் கொண்ட குட்டி ட்ரூ, பிறகு சியான் காட்டன், வில்லி மெக்கீ, லெப்ரான். கார் கழுவியும் வீடு வீடாகப் பொருள் விற்றும் சேர்த்த பணத்தில் வெளியூர்ப் போட்டிகளுக்குப் போனார்கள். எட்டாம் வகுப்பில் தேசிய இறுதிப் போட்டி வரை வந்து, கலிஃபோர்னியா அணியிடம் இரண்டே புள்ளிகளில் தோற்றார்கள். லெப்ரான் கடைசி நொடியில் தொலைவிலிருந்து வீசிய பந்து வளையத்துக்குள் பாதி போய் வெளியே வந்தது. உயர்நிலைப் பள்ளியிலும் சேர்ந்தே ஆடுவது, விட்ட கோப்பையை எடுப்பது என்று நான்கு பேரும் முடிவுசெய்துகொண்டார்கள்.

அக்ரனில் கறுப்பின மாணவர்கள் போகும் விளையாட்டுப் பள்ளி புக்டெல். ஊரே அவர்கள் அங்கே சேருவார்கள் என்று நம்பியது. ஆனால் குட்டி ட்ரூ அப்போது ஐந்தடிகூட இல்லை. புக்டெலில் தன்னைப் பெரிய அணியில் சேர்க்கமாட்டார்கள், இளையோர் அணியில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று அவனுக்குப் பட்டது. கீத் டாம்ப்ரோட் என்ற பயிற்சியாளர் ஞாயிறு மாலைகளில் நடத்திய வகுப்புக்கு அவன் போய்க்கொண்டிருந்தான். இந்த டாம்ப்ரோட், கல்லூரி அணி ஒன்றின் பயிற்சியாளராக இருந்தபோது ஆட்டக்காரர்களிடம் இனவெறிச் சொல் ஒன்றைப் பயன்படுத்தியதற்காக 1993இல் வேலை இழந்தவர். அவர் இப்போது செயின்ட் வின்சென்ட்–செயின்ட் மேரி என்ற கத்தோலிக்கப் பள்ளிக்குப் போயிருந்தார். பெரும்பாலும் வெள்ளையர் படிக்கும் பள்ளி. குட்டி ட்ரூ அங்கே போகிறேன் என்றான். மற்ற மூவரும் அவன் பின்னாலேயே போனார்கள், நாட்டிலேயே சிறந்த பதினான்கு வயது ஆட்டக்காரர் உட்பட. அக்ரனின் கறுப்பின மக்களில் பலர் அவர்களைத் துரோகிகள் என்று திட்டினார்கள். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடியும் வரும்.

முதல் ஆண்டு 27 ஆட்டம், 27 வெற்றி. 2000ஆம் ஆண்டு மாநில இறுதிப் போட்டியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய குட்டி ட்ரூ, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து ஏழு முறை வீசினான். ஏழும் உள்ளே போயின.

பள்ளியில் ஒரு ஆட்டம்கூடத் தோற்றதே இல்லையாமே?

தோற்றிருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளில் 101 வெற்றி, 6 தோல்வி. இரண்டாம் ஆண்டின் ஒரே தோல்வி ஓக் ஹில் அகாடமியிடம், ஒரே புள்ளியில். அந்த ஆண்டும் மாநிலக் கோப்பை அவர்களுக்கே.

மூன்றாம் ஆண்டுதான் வழுக்கியது. டாம்ப்ரோட் அக்ரன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார், பழைய ட்ரூ ஜாய்ஸ் பொறுப்பேற்றார். ரோமியோ டிராவிஸ் என்ற ஐந்தாவது நண்பனும் அணியில் ஊன்றிவிட்டான். 2002 பிப்ரவரியில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் வார இதழ் லெப்ரான் படத்தை அட்டையில் போட்டு, தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்று தலைப்பும் கொடுத்தது. பதினேழு வயதுப் பையனுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அணியில் எல்லோருக்கும் தலை கனத்தது, பயிற்சியில் ஒழுங்கு குறைந்தது. அடுத்த மாதமே மாநில இறுதிப் போட்டியில் சின்சினாட்டியின் ரோஜர் பேக்கன் பள்ளியிடம் தோற்றார்கள்.

கடைசி ஆண்டில் திருந்தி வந்து, நாட்டின் முதல் நிலைப் பள்ளி அணி என்ற பெயருடன் முடித்தார்கள். மாநில இறுதிப் போட்டி 40–36 என்று மூச்சுமுட்டித்தான் ஜெயித்தது.

பள்ளிப் பையன்கள் ஆடுவதை டிவியில் காட்டினார்களா? நம்ப முடியவில்லையே.

காட்டினார்கள். 2002 டிசம்பர் 12, ஈ.எஸ்.பி.என். 2 நாடு முழுக்க நேரலை. எதிரணி அதே ஓக் ஹில், அப்போது நாட்டின் முதலிடம். லெப்ரான் 31 புள்ளி, 13 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). ஆட்டம் 65–45. இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு புள்ளியில் பட்ட கடன் வட்டியோடு தீர்ந்தது.

அதற்கு முன்பே பள்ளிக் கூடத்தில் இடம் போதாமல், சொந்த ஊர் ஆட்டங்களை அக்ரன் பல்கலைக்கழக அரங்குக்கு மாற்றியிருந்தார்கள். உள்ளூர்க் கேபிள் நிறுவனம் சில ஆட்டங்களைக் கட்டணம் வாங்கிக் காட்டியது. பையன்களுக்கு அதிலிருந்து ஒரு காசு கிடையாது. அடுத்த கேள்வியைப் படிக்கும்போது இதை மறக்க வேண்டாம்.

வண்டி, ஜெர்சி என்று ஏதோ வழக்கு நடந்ததே, அது என்ன?

பள்ளி ஆட்டக்காரர் ஆட்டத்தைக் காட்டிப் பரிசு வாங்கக் கூடாது என்பது விதி. பதினெட்டாவது பிறந்தநாளுக்கு அம்மா ஹம்மர் வண்டி வாங்கிக் கொடுத்தார். வாடகைக்கு அல்லாடிய தாய்க்கு எங்கிருந்து பணம் என்று ஒஹாயோ பள்ளி விளையாட்டுச் சங்கம் விசாரித்தது. மகனின் வருங்காலச் சம்பாத்தியத்தை நம்பி வங்கி கடன் கொடுத்திருந்தது, விதிமீறல் இல்லை என்று முடிந்தது. அது முடிந்த சில நாளிலேயே அடுத்தது: கிளீவ்லாந்து துணிக்கடை ஒன்று, அவர் படத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ள, 845 டாலர் மதிப்புள்ள இரண்டு பழைய பாணி ஜெர்சிகளைக் கொடுத்திருந்தது. இனி பள்ளிக்காக ஆடவே கூடாது என்று சங்கம் தடை போட்டது.

நீதிமன்றம் அதை இரண்டு ஆட்டங்களாகக் குறைத்தது. ஜெயித்த ஓர் ஆட்டத்தையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. கடைசி ஆண்டுக் கணக்கில் இருக்கும் ஒரே தோல்வி அதுதான். தடை நீங்கி இறங்கிய முதல் ஆட்டத்தில் 52 புள்ளி. ஜெர்சியை வாங்கியது தவறுதான், நான் மழுப்பவில்லை. ஆனால் ஊரே அந்தப் பையனை வைத்துக் கல்லா கட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு சட்டைக்குக் கணக்குக் கேட்டது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

கல்லூரிக்குப் போகாமல் நேராக என்.பி.ஏ. போக முடியுமா? இப்போதும் உண்டா?

அப்போது உண்டு, இப்போது இல்லை. 1995இல் கெவின் கார்னெட், 1996இல் கோபி பிரையன்ட் பள்ளியிலிருந்து நேராக வந்து வழியை அகலப்படுத்தினார்கள். 2001இல் குவாமி பிரவுன் பள்ளியிலிருந்து வந்து முதல் இடத்தில் தேர்வான முதல் ஆள் ஆனார். எதிர்பார்த்த உயரத்துக்கு அவர் போகவில்லை. லெப்ரானோ மூன்றாம் ஆண்டு முடிந்ததுமே என்.பி.ஏ.வுக்குப் போக அனுமதி கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை.

2005 தொழிலாளர் ஒப்பந்தத்தில் வயது வரம்பு வந்தது. தேர்வு நடக்கும் ஆண்டுக்குள் பத்தொன்பது வயது நிரம்ப வேண்டும், அமெரிக்க மாணவர் என்றால் பள்ளி முடித்து ஓராண்டு கடந்திருக்க வேண்டும். 2006 தேர்வு முதல் அதுதான் நடைமுறை.

டிராஃப்ட், லாட்டரி என்கிறார்கள். ஏலமா? சீட்டுக் குலுக்கலா?

ஐ.பி.எல். ஏலம் போல அல்ல. அணிகள் வரிசையாகப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும், பணப் போட்டி கிடையாது. பலவீனமான அணிக்கு முன்னுரிமை. ஆனால் முதல் இடத்துக்காகவே வேண்டுமென்று தோற்கிறவர்கள் இருப்பதால், பின்தங்கிய அணிகளுக்குள் முதல் சில இடங்களைக் குலுக்கலில் முடிவுசெய்கிறார்கள்.

2002–03இல் கிளீவ்லாந்து கவாலியர்ஸ் 17 வெற்றி, 65 தோல்வி. குலுக்கலில் முதல் இடம் விழ அவர்களுக்கு 22.5 சதவீத வாய்ப்பு. விழுந்தது. அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த பையன் பக்கத்து நகரத்துக்கே வந்து சேர்ந்தார். அந்த ஆண்டுத் தேர்வில் நான்காம் இடம் கிறிஸ் பாஷ், ஐந்தாம் இடம் டுவைன் வேட். இந்த இரு பெயரும் பிறகு வேண்டும்.

ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாமல் 9 கோடி டாலரா?

நைக் நிறுவனத்தோடு ஏழு ஆண்டு ஒப்பந்தம், ஏறத்தாழ 9 கோடி டாலர். ரீபோக் அதைவிட அதிகம் தரத் தயாராக இருந்தது. அவர்கள் ஒரு கோடி டாலருக்கான காசோலையை எழுதி மேசையில் வைத்ததை லெப்ரானே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அரசு உதவிக் குடியிருப்பில் இருந்த பையன் அதை எடுத்துக்கொள்ளாமல் எழுந்து வந்தார். அணியில் முதல் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 40 லட்சம் டாலர்தான், புதியவர்களுக்கான சம்பளத்துக்கு என்.பி.ஏ. வரம்பு வைத்திருக்கிறது.

முதல் ஆட்டம் 2003 அக்டோபர் 29, சாக்ரமென்டோவில். 25 புள்ளி, 9 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் கூடை போடக் காரணமான பாஸ்), 6 ரீபவுண்ட். அணி தோற்றது, ஆனால் பொருளுக்கு விலை சரிதான் என்று அன்றே தெரிந்துவிட்டது.

இவ்வளவு பெரிய ஆள் என்றால் கோப்பை வெல்ல ஒன்பது சீசன் ஏன் ஆனது?

கூடைப்பந்தில் ஓர் ஆள் அணியை நல்ல அணியாக்கலாம், சாம்பியனாக்க முடியாது. 2007இல் இறுதிச் சுற்றுக்கு முன் டெட்ராய்ட்டுடன் நடந்த தொடரே (ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்லும் அணிக்கே தொடர்) சாட்சி. முதல் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் தன்னை மறிக்க ஆள் குவிந்ததும், காலியாக நின்ற டோன்யெல் மார்ஷலுக்குப் பாஸ் கொடுத்தார். மார்ஷல் தவறவிட்டார், அணி தோற்றது. நட்சத்திரம் என்றால் தானே வீச வேண்டாமா என்று கிழித்துவிட்டார்கள். ஐந்தாவது ஆட்டத்தில் 48 புள்ளி எடுத்தார். அணியின் கடைசி 30 புள்ளிகளில் 29 அவருடையது. அதற்குப் பிறகு வாய் திறந்தவர்கள் குறைவு.

என்னைக் கேட்டால் இரண்டு ஆட்டங்களிலும் அவர் செய்தது சரி. ஆனால் இறுதிச் சுற்றில் சான் அன்டோனியோ 4–0 என்று துடைத்துவிட்டது. அவர்களிடம் டிம் டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி என மூன்று பேர். இவர் பக்கம் இவர் மட்டும். 2009, 2010 இரண்டு ஆண்டும் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். அணி அறுபதுக்கு மேல் வெற்றி குவித்தும் இறுதிச் சுற்றுக்குக்கூட வரவில்லை.

2010இல் சொந்த ஊரை விட்டு ஓடினார். துரோகம்தானே அது?

ஒப்பந்தம் முடிந்தவர் வேறு அணிக்குப் போவது உரிமை. போன விதம் அசிங்கம். 2010 ஜூலை 8 அன்று தொலைக்காட்சியில் ஒரு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சி வைத்து, ஊர் முழுக்கக் கண்ணைச் சிமிட்டாமல் காத்திருக்க, மயாமி போகிறேன் என்றார். நிகழ்ச்சி வருமானம் தொண்டுக்குப் போனது, ஆனாலும் அந்தப் புண்ணியம் ஊர்க்காரர்கள் காயத்துக்கு மருந்தாகவில்லை. தெருவில் அவர் ஜெர்சிகளை எரித்தார்கள். அணி உரிமையாளர், காமிக் சான்ஸ் என்ற குழந்தைத்தனமான எழுத்துருவில், திட்டிக் கடிதம் வெளியிட்டார். லெப்ரானுக்கு முன் நாங்கள் கோப்பை வெல்வோம் என்று சவாலும் விட்டார். அடுத்த சீசனில் அவர் அணி தொடர்ச்சியாக 26 ஆட்டங்கள் தோற்றது.

ஆனால் ஐந்தாவது கேள்விக்கான பதிலை மறுபடி பாருங்கள். பதினான்கு வயதில் நண்பர்களோடு ஆட வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த பள்ளியை விட்டு வேறு பள்ளிக்குப் போனார், துரோகி என்றார்கள். இருபத்தைந்து வயதில் வேட், பாஷ் என்ற நண்பர்களோடு ஆட வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த அணியை விட்டு வேறு அணிக்குப் போனார், துரோகி என்றார்கள். ஒரே ஆள், ஒரே காரியம். தன்னோடு ஆடுபவர்களைத் தானே தேர்ந்தெடுக்கிறவர் அவர்.

மூன்று நட்சத்திரம் சேர்ந்தால் மயாமியில் சுலபமாக ஜெயித்திருப்பார்களே?

அவரும் அப்படித்தான் நினைத்தார். வரவேற்பு விழா மேடையில் ஒன்றல்ல, இரண்டல்ல என்று ஆரம்பித்து ஏழு கோப்பை வரை எண்ணினார். கிடைத்தது இரண்டு. முதல் ஆண்டே டாலஸிடம் இறுதிச் சுற்றில் விழுந்தார்கள். அந்தத் தொடரில் லெப்ரானின் சராசரி 17.8 புள்ளி, நான்காவது ஆட்டத்தில் வெறும் 8. எதிரணி திறமையோடு அவருடைய தயக்கமும் சேர்ந்த தோல்வி அது. அவர் வாழ்க்கையில் அதைவிடத் தாழ்ந்த தொடர் இல்லை என்பது என் எண்ணம்.

அந்தக் கோடையில் ஹூஸ்டன் போய், ஓய்வுபெற்ற ஹகீம் ஒலாஜுவானிடம், கூடைக்கு முதுகைக் காட்டி ஆடும் வித்தையை மாணவனைப் போலக் கற்றார். இருமுறை மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர் பால பாடத்துக்கு உட்கார்ந்தார். உழைப்பு எங்கே என்று மேலே கேட்டவருக்கு இதுவும் பதில்.

2012இல் பாஸ்டனிடம் 3–2 என்று பின்தங்கி, எதிரணி ஊரில், தோற்றால் மூட்டை கட்ட வேண்டிய ஆட்டம். லெப்ரான் 45 புள்ளி, 15 ரீபவுண்ட். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. இறுதிச் சுற்றில் ஓக்லஹோமா சிட்டியை 4–1 என வென்று ஜூன் 21 அன்று முதல் கோப்பை. அடுத்த ஆண்டு சான் அன்டோனியோவை ஏழு ஆட்டத்தில் வென்றார்கள். ஆறாவது ஆட்டத்தில் மயாமியின் ரே ஆலன், முடிய 5.2 நொடி இருக்கும்போது மூலையிலிருந்து வீசிய மூன்று புள்ளி இல்லையென்றால் அந்தக் கோப்பையே இல்லை.

திட்டிய ஊருக்கே ஏன் திரும்பிப் போனார்? 2016இல் அப்படி என்ன நடந்தது?

2014 ஜூலையில் இந்த முறை நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஒரு கட்டுரை மூலம் வீடு திரும்புகிறேன் என்று அறிவித்தார். அவர் இல்லாத ஆண்டுகளில் கிளீவ்லாந்து கைரி இர்விங்கைத் தேர்ந்தெடுத்திருந்தது. 2014 டிராஃப்டில் முதல் இடத்தில் எடுத்தவரை விட்டுக்கொடுத்து கெவின் லவ்வையும் கொண்டுவந்தது. 2015இல் அந்த இருவரும் காயத்தால் வெளியேற, இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் வென்றது.

2016இல் அதே வாரியர்ஸ், 73 வெற்றி 9 தோல்வி என்ற சாதனையோடு வந்தது. நான்கு ஆட்டம் முடிந்தபோது 3–1 என்று முன்னிலை. அந்த நிலையிலிருந்து இறுதிச் சுற்றில் அதுவரை யாரும் மீண்டதில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் எதிரணியின் டிரேமண்ட் கிரீனுக்குத் தடை. லெப்ரானும் இர்விங்கும் ஆளுக்கு 41. ஆறாவதில் லெப்ரான் மறுபடியும் 41.

ஏழாவது ஆட்டம் நமக்கு ஜூன் 20, திங்கள் விடியற்காலை ஐந்தரை மணி. பால்காரர் மணி அடித்ததுகூடக் கேட்கவில்லை. 89–89 என்று நின்று, ஏறத்தாழ நான்கு நிமிடம் இரு அணியும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் பந்து வாரியர்ஸ் கைக்கு வந்தது. இகுடாலா கூடையை நோக்கி ஓடுகிறார், முன்னால் ஜே.ஆர். ஸ்மித் மட்டும். ஸ்மித்தைத் தவிர்க்க இகுடாலா கையைக் கொஞ்சம் தாமதித்தார். அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. திரையின் ஓரத்தில்கூட இல்லாத லெப்ரான் மைதானத்தின் மறுகோடியிலிருந்து ஓடி வந்து, பின்னாலிருந்து எழும்பி, பந்தைப் பலகையோடு அறைந்தார். பிறகு இர்விங், ஸ்டீஃபன் கரியின் கைக்கு மேலாக ஒரு மூன்று புள்ளி. 93–89.

லெப்ரான் தரையில் குப்புற விழுந்து அழுதார். அந்தத் தொடரில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், பந்து பறித்தல், தடுத்தல் என ஐந்திலும் இரு அணியிலும் அவரே முதலிடம். கிளீவ்லாந்து நகருக்கு எந்தப் பெரிய விளையாட்டிலும் 1964க்குப் பிறகு, 52 ஆண்டுகள் கழித்து வந்த கோப்பை. ஊர்வலத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். ஆறு ஆண்டுக்கு முன் ஜெர்சி எரித்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

நட்சத்திரங்களைச் சேர்த்துக்கொண்டு ஜெயிப்பது ஏமாற்று வேலை இல்லையா?

பழைய சாம்பியன்களிலும் தனியாக வென்றவர் யாருமில்லை. வித்தியாசம், அங்கே சேர்த்துவைத்தது நிர்வாகம், இங்கே ஆட்டக்காரரே. முதலாளி செய்தால் சாமர்த்தியம், தொழிலாளி செய்தால் சூழ்ச்சியா?

ஆனால் புகாரில் ஒரு நியாயம் உண்டு. லெப்ரான் காட்டிய வழியில் மற்ற நட்சத்திரங்களும் கூட்டுச் சேர ஆரம்பித்ததும், சிறிய நகரத்து அணிகள் திறமைசாலியைத் தக்கவைப்பது கடினமாகிவிட்டது. அந்த வலி கிளீவ்லாந்துக்கே 2018இல் மறுபடி வந்தது, அவர் லேக்கர்ஸுக்குப் போனபோது. ஆனால் அந்தமுறை யாரும் ஜெர்சி எரித்ததாகப் பெரிய செய்தி இல்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போனார் என்று விட்டுவிட்டார்கள்.

ஜோர்டானா, லெப்ரானா? நழுவாமல் சொல்லுங்கள்.

மைக்கேல் ஜோர்டான் ஆறு இறுதிச் சுற்று, ஆறும் வெற்றி. லெப்ரான் பத்து, நான்கு வெற்றி. உச்சத்தில் ஒரே ஓர் ஆட்டத்தை ஜெயிக்க வேண்டுமென்றால் நான் ஜோர்டானைக் கூப்பிடுவேன். இருபது வருடத்துக்கு அணி கட்ட வேண்டுமென்றால் லெப்ரானை. ஆறு தோல்வியைக் குறையாகச் சொல்பவர்களுக்கு ஒன்று: இறுதிச் சுற்றுக்கே வராமல் இருந்திருந்தால் அந்தத் தோல்விகள் கணக்கில் ஏறியிருக்காது. அதற்காக அவரைப் பாராட்டியிருப்பீர்களா?

என் மகனுக்குப் பதினான்கு வயது, நன்றாக ஆடுகிறான். படிப்பைக் குறைத்துக்கொண்டு முழுநேரம் விடலாமா?

ஞாயிறு காலையில் மிக அதிகமாக வரும் கேள்வி இது. வாக்கர் வீட்டுக் கதையை மேலே சொல்லியிருக்கிறேன். லெப்ரானை ஆட்டக்காரராக்கிய முதல் ஏற்பாடு, தினமும் பள்ளிக்கு அனுப்பியது. கல்லூரிக்குப் போகவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த நான்கு நண்பர்களில் அப்படிப் போனவர் அவர் ஒருவர்தான். மகனை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அனுப்புங்கள், திங்கட்கிழமை பள்ளிக்கும் அனுப்புங்கள்.

மற்ற நண்பர்கள் என்ன ஆனார்கள்? அவரோடு கரைந்துபோனார்களா?

யாரும் கரையவில்லை. சியான் காட்டன் அமெரிக்கக் கால்பந்து ஆட ஒஹாயோ ஸ்டேட் போனார். வில்லி மெக்கீ படித்து, பழைய பள்ளியிலேயே விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் ஆனார். ரோமியோ டிராவிஸும் குட்டி ட்ரூவும் அக்ரன் பல்கலைக்கழகத்தில் டாம்ப்ரோட்டிடமே ஆடிவிட்டு, வெளிநாட்டு லீக்குகளில் பல ஆண்டு தொழில்முறையாக ஆடினார்கள். பள்ளி அணியின் மூத்த மாணவர் மாவரிக் கார்ட்டர் லெப்ரானின் தொழில் பங்காளி. பழைய பாணி ஜெர்சி விற்றுவந்த காலத்தில் விமான நிலையத்தில் அறிமுகமான ரிச் பால் அவருடைய முகவர்.

டாம்ப்ரோட் கடைசியாகப் பிட்ஸ்பர்க்கின் டுகேன் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளர். 2024 மார்ச்சில் அந்த அணி, 1977க்குப் பிறகு முதல்முறையாகத் தேசியக் கல்லூரிப் போட்டிக்குத் தகுதி பெற்றது. லெப்ரான் அணி முழுவதற்கும் காலணி அனுப்பினார். அவர்கள் ஒரு சுற்று ஜெயித்தார்கள், டாம்ப்ரோட் ஓய்வுபெற்றார். அவர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர், பெரிய அணியில் சேர்க்கமாட்டார்கள் என்று பயந்த குட்டி ட்ரூ.